போன பல்லுக்குப் பதில் எது? பக்கத்துப் பல்லைக் கேளுங்கள்

ரூட் கெனால் செய்துகொண்ட பல்லுக்கு மேலே உறை மாதிரி கேப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எட்டு வருஷம் ஓட்டினேன். போன தீபாவளிக்கு மாட்டுங்காவிலிருந்து வாங்கி வந்த தட்டை அந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தது. கீழ் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல், வேர் வரைக்கும் இரண்டாகப் பிளந்துவிட்டது. பிடுங்கியாயிற்று.

மும்பை செம்பூரில் ஒரு கிளினிக்கில், எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் என்றார்கள், நாற்பதாயிரம். இன்னொன்றில், பக்கத்துப் பற்கள் இரண்டையும் தூணாக்கி நடுவில் பல்லைத் தாங்கவைக்கும் பிரிட்ஜ், இருபத்தேழாயிரம். கழற்றி மாட்டும் பல் வேண்டுமானால் மூவாயிரத்தில் முடியும் என்று அங்கேயே சொன்னார்கள், கொஞ்சம் இளக்காரமாக. எல்லாரும் விலையும் எத்தனை வருஷம் வரும் என்பதும்தான் பேசினார்கள். அப்புறம் ஹார்பர் லைன் ரயிலில் ஏறி சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் பார்ப்பார்கள், பேராசிரியர் மேற்பார்ப்பார்; செலவு குறைவு, நேரம் கூடுதல். அங்கே என்னைப் பார்த்த பெண் விலை பேசவே இல்லை. பிடுங்கிய இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பற்களைத்தான் வெகுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தாள். பல் கட்டும் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. போடப்போவது எத்தனை நாள் நிற்கும் என்பது சரி. அது கெட்டுப்போகிற நாளில் வாயில் என்ன மிஞ்சும்?

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதை எந்தக் கிளினிக்கும் சொல்லாது. ஞானப்பல் போனால் யாரும் கட்டிக்கொள்வதில்லை. இரண்டாம் கடைவாய்ப் பல்லையும் பல நேரம் விட்டுவிடலாம். முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலோருக்கு மெல்ல அது போதும் என்று நெதர்லாந்தில் 1980களிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னுடையது நடுவில் விழுந்த ஓட்டை. அதை அப்படியே விட்டால் பின்பல் காலப்போக்கில் முன்பக்கம் சாயலாம், மேல்பல் கீழே இறங்கலாம். நாலு வருஷம் கழித்து மனம் மாறினாலும் அப்போது வேலை இரட்டிப்பு.

கழற்றி மாட்டும் பல்லை ஒற்றைப் பல்லுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இடைக்கால ஏற்பாடாக மட்டும் இருக்கலாம். அக்ரிலிக்கில் கம்பிக் கொக்கி தெரியும். வளைகிற நைலானில் கம்பி இல்லை, ஆனால் ஈறு சுருங்கும்போது அதற்கேற்ப உள்ளே திருத்துவது சிரமம். உலோகச் சட்டம் வைத்தது இரண்டையும்விட மேல். பல பற்கள் போனவருக்குக் காசு குறைவாக இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

முழு பல்செட் வேறு கதை. என் அம்மாவுக்கு 76 வயது. மேல் செட் அண்ணத்தில் உறிஞ்சிக்கொண்டு கச்சிதமாக நிற்கிறது. கீழ் செட் கல்யாணத்துக்கு மட்டும் பட்டுப்புடவையோடு வெளியே வரும். அது அம்மாவின் பிடிவாதம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம், இல்லை. கீழ்த்தாடையில் உறிஞ்சிப் பிடிக்க அகலமான இடம் கிடையாது, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் இல்லாத எலும்பு வருஷா வருஷம் கரையும், நேற்றுப் பொருந்திய செட் இன்று ஆடும். கீழே முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் மட்டும் வைத்து, பிரஸ் பட்டன் மாதிரி செட்டை அதில் மாட்டிவிடலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறாள். எந்த செட்டானாலும் இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். கொதிக்கிற வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும்.

பிரிட்ஜ் சீக்கிரம் முடியும். இரண்டு மூன்று முறை போய்வந்தால் போதும், கத்தி இல்லை. ஆனால் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. அண்ணனுக்கு மேல்வரிசையில் பற்கள் இரண்டைச் சீவிப் போட்டார்கள். ஒன்பது வருஷம் ஒரு குறையும் இல்லை. தூண்களில் ஒன்று ரூட் கெனால் ஆன பல், நரம்பு இல்லை. கேப்புக்கு அடியில் சொத்தை தின்றது வலியாகத் தெரியவே இல்லை. ஒரு நாள் பிரிட்ஜ் கையோடு வந்தது, தூண் பல்லும் மிஞ்சவில்லை. ஒரு பல் இருந்த ஓட்டை இரண்டு பல் ஓட்டை ஆயிற்று. இதனால் பிரிட்ஜே கூடாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிய அடைப்போடு கேப்புக்குக் காத்திருக்கின்றன என்றால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். அடியில் நுழைக்கும் சின்ன பிரஷ்ஷை தினமும் பிடிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முன்பல் ஒன்று மட்டும் போன இளவயதினருக்குப் பின்பக்கம் இறக்கை வைத்து ஒட்டும் வகை உண்டு, சீவுவது மிகக் குறைவு. கடைவாயில் அது அவ்வளவாகத் தாங்காது.

இனி இம்ப்ளான்ட். 1952இல் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திண்டாடினார் ஸ்வீடனின் ப்ரோனமார்க். எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகு வைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதுவே. திருகு எலும்போடு பிடிக்கக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேலே இன்னும் கொஞ்சம். பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை கிடையாது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம், துலக்கச் சோம்பல் உள்ளவருக்கு அது நடக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், சிகரெட் விடாதவர், ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்பு மெலிவுக்கு மருந்து எடுப்பவர் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பான், சுபாரிப் பாக்கு பல வருஷம் போட்ட சிலருக்கு வாயே போதிய அளவு திறக்காது, கருவி உள்ளே போகாது. இந்த ஊரில் இது நிறைய.

முடிவைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. பல் எடுத்த முதல் வருஷத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதிவரை குறையலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அதற்கப்புறம் போனால் எலும்பு வைத்து நிரப்பும் செலவும் சேரலாம்.

‘லைஃப்டைம் கியாரண்டி’ என்று ஒரு கிளினிக்கில் சொன்னபோது யாருடைய லைஃப் என்று கேட்க வாய் வந்தது. திருகு நிற்கலாம், மேலே உள்ள பல் தேயும், உடையும், மாற்ற வேண்டிவரும்.

எனக்கு ஓட்டைக்கு முன்னால் இருந்த பல்லில் ஒரு கீறல்கூட இல்லை, பின்னால் இருந்ததில் கடுகளவு அடைப்பு. அவற்றைச் சீவ மனம் வரவில்லை. இம்ப்ளான்ட் போட்டுக்கொண்டேன், எல்லாமாக நாலு மாதம். கம்பெனி, அளவு, எண் எல்லாம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கினேன். வேலை முடிந்து ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்ற எண்ணம் எங்களுக்கு உண்டு. பத்து வருஷம் கழித்து திருகின் மேலுள்ள பல் ஆடினால், அங்கே இருக்கும் டாக்டர் எந்தத் திருகுக்கு எந்தச் சாவி என்று தேட வேண்டுமே. அட்டை இப்போது ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.