பனிக்கால டயரா, பனிச்சங்கிலியா?

குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் பக்கம் கார் ஓட்டப் போகிறவர்கள் எதை வாங்குவது: பனியில் ஓட்டுவதற்கென்றே செய்த டயரா, வழுக்காமலிருக்க டயர்மேல் சுற்றி மாட்டும் பனிச்சங்கிலியா?

சட்டம்: ஜெர்மனியில் சாலையில் பனி படர்ந்திருந்தால் பனிக்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் பொறித்த குறி இருக்க வேண்டும். டிக்கியில் சங்கிலி இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. பிரான்சில், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இரண்டில் ஒன்று போதும்.

செலவு: டயர் என்றால் நான்கையும் மாற்ற வேண்டும். சங்கிலி ஒரு ஜோடிதான்.

வசதி: டயரை மாட்டியபின் கவலையில்லை. சங்கிலி அப்படியல்ல. கொட்டும் பனியில் குனிந்து, சக்கரத்தின் பின்பக்கக் கொக்கியை விரல்களால் தடவித் தேடி மாட்டணும். கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்கணும். ஜெர்மனியில் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. வெறும் தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பழகிவிடுங்கள், தயவுசெய்து.

குளிர்காலம் முழுக்க ஓட்டுபவருக்கு டயர்தான் சரி. பிரெஞ்சு மலைக்கு ஒரே ஒரு பயணம் என்றால் சங்கிலி போதும். செங்குத்தான கணவாய்க்கு இரண்டுமே வேண்டும்: ஜெர்மனியில் சங்கிலி மாட்டிய சக்கரம் வரைந்த நீல வட்டப் பலகை வந்தால், பனிக்கால டயர் இருந்தாலும் சங்கிலி மாட்டியே ஆக வேண்டும்.