வயிற்றுவழி டயாலிசிஸ்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

எனக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை உடம்பின் கழிவை வெளியேற்ற 2022 ஜனவரியில் வயிற்றில் குழாய் வைத்தார்கள். காயம் ஆறியதும் முதலாவது கரைசல் பாக்கை (பையை) கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி பிளாட்டில் மாற்றினேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை.

வேலை இதுதான். இரண்டு லீற்றர் குளுக்கோஸ் கரைசல் வயிற்றுக்குள் போய் நாலைந்து மணித்தியாலம் கிடக்கும். வயிற்றின் உட்சவ்வு வழியாகக் கழிவும் மேலதிக நீரும் அதற்குள் வடியும். பிறகு கீழே வைத்த வெறும் பாக்குக்குள் இறக்கிவிட வேண்டும். மாற்றி முடிக்க அரை மணித்தியாலம். புதுப் பாக்கைக் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிட வேண்டும். வாடகை வீடு என்பதால் ஜன்னல் கிறிலில் ஒரு எஸ் கொக்கியை மாட்டி அதில் தொங்கவிட்டோம். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றாள் மனைவி.

இதன் பெரிய நன்மை தொடங்கிய கையோடு தெரிந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் கொழும்பில் 13 மணித்தியால மின்வெட்டு. இயந்திர டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள் ஓட்டோவுக்குப் பெற்றோல் கிடைக்காமல் பட்ட பாட்டை கிளினிக்கில் கேட்டிருக்கிறேன். எனக்கோ மனைவி ஃபோன் வெளிச்சம் பிடித்தால் போதும், தண்ணீர் தன்பாட்டில் இறங்கும். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் பாக் பெட்டிகளை மேல்வீட்டுப் பெடியன்கள்தான் தோளில் ஏற்றிவந்தார்கள்.

குறைகளும் உண்டு. குழாயை இணைக்கும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் போட வேண்டும். ஏப்ரல் மாத வெள்ளவத்தையில் அதை ஒருமுறை செய்து பாருங்கள். சாமியறையில் பெட்டி போக மிச்சம் இருப்பது விளக்கு வைக்கிற இடம் மட்டும். கரைசலில் உள்ள சீனி உடம்பில் ஊறுவதால் பசி செத்துப்போகும், ஆனால் எடை ஏறும். புரதமும் தண்ணீரோடு வெளியே போவதால் நாளும் முட்டை வெள்ளைக்கரு சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற வீட்டுச் சட்டம் அதோடு முடிந்தது.

இரண்டாம் வருடம் ஒரு தரம் கிருமி தொற்றியது. பிழை என்னுடையது. இணைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது, தெரியாத நம்பர். சிறுநீரகம் கிடைத்துவிட்டதாக்கும் என்று அந்தக் கையோடேயே எடுத்தேன். கடன் வேண்டுமா என்று கேட்டாள் ஒரு பிள்ளை. இரண்டு நாளில் காய்ச்சல், வயிற்று நோ. இறங்கிய தண்ணீர் கஞ்சி மாதிரிக் கலங்கியிருந்தது. பாக்குக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும், தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இப்போது ஃபோன் அறைக்கு வெளியே மனைவியிடம்.

தானம் செய்ய ஆள் பார்ப்பது சம்பந்தம் பேசுவதை விடக் கஷ்டம். நான் ஓ வகை இரத்தம். ஓ எல்லாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓவிடம் மட்டும்தான் வாங்கலாம். மனைவி பி. ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு வகை பொருந்தியது, பரிசோதனையில் சீனி வியாதி பிடிபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்தா. எல்லாம் சரி, கடைசியில் கிரோஸ்மேட்ச், அதாவது இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை, கவிழ்த்துவிட்டது. என் இரத்தத்தில் அவவுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்). அக்கா பஸ் ஏறும்வரை அழுதா. நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. விலை சொல்லி ஃபோன் எடுத்தவர்களும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் யாரோ ஒரு ஏழையின் கடனை என் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தூங்க எனக்கு வராது.

"ஏதும் சரிவந்ததோ அண்ணை?" என்று காலி வீதியில் யாராவது கேட்டால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது என் கணக்கைச் சொல்கிறேன்: எடை கட்டுக்குள், தொற்று வந்து ஒரு வருடத்துக்கு மேல், ஹீமோகுளோபின் அளவு ஊசியால் நிற்கிறது. இரத்தம் ஏற்றினால் புது ஆன்டிபாடி உருவாகி நாளைக்கு வரும் சிறுநீரகத்தையும் தட்டிக்கழிக்கலாம் என்பதால் அந்த ஊசியை ஒருநாளும் தவறவிடுவதில்லை. கூப்பிட்டால் போக ஆள் தயார்.

வீட்டுக்காரர் நல்ல மனுசர். சுவரில் ஆணி அடித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. கிறிலில் கொக்கி கொஞ்சம் துருவேறிவிட்டது, போன மாதம் புதிதாக ஒன்று வாங்கினோம். ஆணி இன்னும் அடிக்கவில்லை.