சோலார் நீர்ப்பம்பு: விசுவமடு மேட்டுக்காணியில் ஒரு சிறுபோகப் பாவனைக்குப் பின்

வன்னியின் மேட்டுக்காணிகளில் மிளகாயும் கச்சானும் கத்தரியும் செய்கிறவர்களிடையே இப்போது அடிக்கடி எழும் கேள்வி, மண்ணெண்ணெய் மோட்டரை ஓரங்கட்டிவிட்டுச் சோலார் பம்புக்கு மாறலாமா என்பதுதான். விசுவமடுப் பகுதியிலுள்ள எங்கள் தோட்டக்கிணற்றில் ஒரு சிறுபோகம் முழுவதும் பாவித்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: இயந்திரம் நல்லது, ஆனால் தன் கிணற்றைப் பற்றி யோசிக்காதவர் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

நாங்கள் பொருத்தியது 1 குதிரைவலுவுள்ள, நேரோட்ட மின்னில் (DC) இயங்கும் நீர்மூழ்கிப் பம்பு. இரும்புச் சட்டத்தில் தெற்கு நோக்கிச் சற்றே சரித்துப் பூட்டிய பனல்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, கிணற்றுக்குள் தொங்கி, தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் நீர்மட்ட உணரி ஆகியவற்றோடு தொகுதி முடிந்துவிடுகிறது. பற்றரி கிடையாது. வெயில் உள்ளபோது மேல் தாங்கியை நிரப்பிவைத்தால் அந்தத் தண்ணீரே சேமித்த சக்தி என்பதால், பற்றரி இல்லாதது குறையாகத் தெரியவில்லை.

ஏன் மாறினோம் என்பதற்கு 2022ஆம் ஆண்டை நினைவுபடுத்தினால் போதும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையே ஓட்டிய மண் இது; எரிபொருள் தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அப்போது தடை எங்கள்மீது மட்டும் இருந்தது. 2022இல் முழு நாடும் வரிசையில் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தபோது எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. பெப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரால் மசகெண்ணெய் மார்ச் மாதத்திலேயே பீப்பாய் 120 டொலரைத் தாண்டியிருந்தது. 200 ரூபாவளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. பூக்கும் பருவத்தில் தண்ணீரின்றி நின்ற மிளகாய்ச் செடிக்கும் கருங்கடல் ஓரத்துப் போருக்கும் இருந்த தொடர்பு அந்த வருடம் எல்லோருக்கும் விளங்கியது. யூரியாவின் கதையும் இதுவேதான்: அது இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவதால், வாயு விலை ஏறும்போது உலகமெங்கும் பசளை விலை ஏறும், அதற்கு மேலாக 2021இல் இரசாயனப் பசளைக்கு எமது அரசு விதித்த தடையின் அடியையும் சேர்த்தே வாங்கினோம்.

இவற்றோடு மனித மனமும் சேர்ந்துகொண்டது. பரல்களில் நிரப்பி வைத்தவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கிடைக்காது என்று ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் எடுத்தார்கள், அதனாலேயே நாளைக்குக் கிடைக்காமல் போனது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, ஆளுக்கு இவ்வளவுதான், இந்த வாரமும் கிடைக்கும், அடுத்த வாரமும் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்ட பிறகுதான் வரிசைகள் சுருங்கின.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கு முன் இது மெல்லிய நூலாகத்தான் தண்ணீர் தரும். ஒன்பதரைக்குப் பிறகு குழாய் நிறைந்து வரத் தொடங்கி, பிற்பகல் மூன்று வரை தொய்வின்றி ஓடும். முகில் கடந்தால் வேகம் குறைந்து, பிறகு தானாகவே ஏறும். பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை. மாரியில் வெயில் குறைவு, ஆனால் அப்போது இறைப்பும் குறைவு. பயிர் அதிகம் தண்ணீர் கேட்கும் மாதங்களிலேயே பனலும் அதிகம் தருவது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். ஆயிரம் லீற்றர் தண்ணீரை 10 மீற்றர் தூக்குவதற்குக் கணக்குப்படி சுமார் 27 வாட்ஸ் மணி போதும். பம்பிலும் குழாயிலும் போகும் இழப்பைச் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு வைத்தாலும் ஒரு சாதாரணப் பனல் ஒரு மணித்தியாலத்துக்குள் தரக்கூடிய சக்திதான் அது. பழைய மண்ணெண்ணெய் மோட்டர் எரித்ததில் பெரும்பகுதி சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் போயிருக்கிறது.

குறைகளும் உண்டு. பனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் பழுதாவது பனல் அல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி. ஐப்பசி இடிமுழக்கத்தோடு எங்கள் பெட்டி செயலிழந்தது. புவித்தொடுப்பு (எர்த்) ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பது பிறகே தெரிந்தது. பொருத்தித் தந்த நிறுவனம் தொலைபேசிக்குப் பதில் சொன்னதே தவிர, ஆள் அனுப்ப நீண்ட நாள் எடுத்தது. மயில்கள் பனலில் ஏறி எச்சமிடுகின்றன, குரங்குகள் வயரை இழுக்கின்றன. வாரம் ஒருமுறை விடியலில் கழுவாவிட்டால் தண்ணீர் குறைவது கண்ணுக்கே தெரியும். உலகப் பனல் உற்பத்தியின் ஐந்தில் நான்குக்கு மேல் சீனாவில் நடப்பதால், எண்ணெய்க்காரரிடமிருந்து தப்பி இன்னொருவரிடம் மாட்டிக்கொள்கிறோமே என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணெயை வாராவாரம் வாங்க வேண்டும். பனலை ஒருமுறை வாங்கினால் அடுத்த டொலர் நெருக்கடியில் அது சட்டத்தின் மேல் இருந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கிணறுதான். ஆவணியில் ஒரு நாள் நண்பகல், நல்ல வெயிலில் பம்பு நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உணரிக்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டது. பக்கத்துக் காணித் தம்பி வந்து பார்த்துவிட்டு, “உணரியை இன்னும் பதிச்சு விடுங்கோ அண்ணை. வெயிலுக்கு ஆர் காசு கேக்கிறான், ஓடட்டும்” என்றான். அவனுடைய கிணற்றில் உணரி வயரை எப்போதோ கழற்றிவிட்டிருந்தான். முன்பு லீற்றர் கணக்குப் பார்த்து மோட்டரை நிறுத்துவோம். மண்ணெண்ணெய் விலையே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலை எடுத்துவிட்டு, அதனிடத்தில் எதையும் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

நீராவி இயந்திரங்கள் சிக்கனமாக ஆக நிலக்கரிப் பாவனை கூடுமே தவிரக் குறையாது என்று பிரித்தானியப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இல் எழுதினார். இந்தியப் பஞ்சாப்பில் கமக்காரருக்கு இலவச மின்சாரம் கொடுக்கப்பட்டபின் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்பதும் தெரிந்த விடயம். இங்கே குளத்தில் தண்ணீர் நிற்கும்வரைதான் கிணறும் நிற்கும். பூநகரிப் பக்கம் கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும், ஏறிய உவர் ஒரு மாரியில் இறங்காது. இதற்கு வழி இல்லாமலும் இல்லை. குஜராத்தின் துண்டி கிராமத்தில் சோலார் பம்பு வைத்த கமக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மிஞ்சும் மின்சாரத்தை மின்வலைக்கு விற்கிறார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையோடு செய்யப்பட்ட அந்த ஏற்பாட்டில், இறைக்காமல் விடும் தண்ணீருக்கும் ஒரு வருமானம் உண்டு. எங்கள் கமக்காரர் அமைப்புகள் இப்படியொன்றைக் கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாங்க நினைப்பவர்கள், மார்கழியில் கிணறு நிறைந்திருக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் பெரிய பம்பைப் பரிந்துரைக்கும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். ஆவணிக் கடைசியில் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து, ஒரு மணித்தியாலம் இறைத்தபின் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த ஊற்றுக்கு ஏற்ற பம்பையே கேளுங்கள். பணம் போதாவிட்டால் பனலில் ஒன்றைக் குறைத்து அந்தக் காசைத் தாங்கிக்கும் சொட்டு நீர்க் குழாய்க்கும் போடுங்கள். புவித்தொடுப்பையும் மாற்றுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எத்தனை நாளில் தரப்படும் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உணரியின் வயரைக் கழற்ற வேண்டாம்.