ஹார்டு டிஸ்க்கை, ஃபைல்களை மீட்டெடுக்க ரெக்கவரிக்குக் கொடுத்து ரூ. 12,500 தண்டம் அழுதேன். கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தேன். வயிறு எரிகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பதினோரு வருடத்துக் கோரல் டிரா டிசைன் ஃபைல்கள் ஒரே 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. ஆமாம், ஒரே டிஸ்க்தான். திட்டுகிறவர்கள் வரிசையில் நில்லுங்கள், என் மனைவி முதல் ஆளாகத் திட்டி முடித்துவிட்டாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. 2 எம்பி ஃபைலைத் திறக்க ஐந்து நிமிடம். நடுநடுவே பல்லி கத்துவதுபோல டிக் டிக் என்று ஒரு சத்தம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை. படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் (டேட்டா பதியும் சின்னச் சின்னக் கட்டங்கள்) 48. ஆனால் ஒன்று கவனியுங்கள், அன்றைக்குக்கூட ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டுதான் இருந்தன. மெதுவாக, ஆனால் ஆயின. நான் செய்த முதல் முட்டாள்தனம், பொறுமை இல்லாமல், விசாரிக்காமல், பாதியில் கழற்றிக் கண்ட கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடியது.

கடை பெயரைச் சொல்லவில்லை. வாசலில் 'டேட்டா ரெக்கவரி' என்று பெரிதாக போர்டு வைத்து, உள்ளே லேப்டாப் சர்வீஸும் செல்போன் டெம்பர் கிளாஸும் சேர்த்துப் பார்க்கிற வகைக் கடை. உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு, ஏசி அறை. "அண்ணே, செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க, கிளீன் ரூம், தூசியே இருக்கக் கூடாது" என்றான் அந்தப் பையன். நீலக் கையுறை, வெள்ளைக் கோட்டு. அந்தச் செருப்பில்தான் நான் விழுந்தேன். கோயில் மாதிரி செருப்பைக் கழற்றச் சொன்னால் நம் ஆட்களுக்கு நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது.

"தம்பி, எல்லா ஃபைலும் வந்துடுமா?"

"எங்ககிட்ட வந்துடுச்சுல்லண்ணே, நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அட்வான்ஸ் 3,000. நான்காம் நாள் போன் வந்தது. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் போய்விட்டதாம், அதே மாடலில் டோனர் டிஸ்க் (பாகத்தைக் கழற்றி எடுக்க இன்னொரு டிஸ்க்) வாங்கி ஹெட்டை மாற்ற வேண்டுமாம், 9,500 உடனே அனுப்ப வேண்டுமாம். முந்தின வாரம் வரை ஃபைல் படித்த டிஸ்க்குக்கு ஹெட் போனதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை. பழைய 1 டிபி டிஸ்க் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜிபேயில் அனுப்பினேன். ஆக மொத்தம் 12,500.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால் டெல்லியிலிருந்து பார்ட்ஸ் வரவில்லை. அடுத்த வாரம் டெக்னீசியன் ஊரில் இல்லை. அதற்கடுத்து போனை எடுக்கவே இல்லை, வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசியில் ஒரு நாள் டிஸ்க்கை பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, "ரொம்ப டேமேஜ்ண்ணே, ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம்.

மனசு கேட்காமல் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். அவர்கள் திறந்து ஒரு போட்டோ அனுப்பினார்கள். கண்ணாடிபோல இருக்க வேண்டிய தட்டில், பழைய இசைத்தட்டில் இருப்பதுபோல வட்ட வட்டமாகக் கீறல். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அப்படியே பளிச்சென்று. ஓடும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிகூடக் கிடையாதாம். சாதாரண அறையில் திறந்தால் விழுகிற தூசி ஒன்றே போதும், இதில் விரலை வேறு வைத்திருக்கிறான். "திறக்காம முதல்லயே எங்ககிட்ட வந்திருந்தா இமேஜ், அதாவது முழு டிஸ்க்கோட நகல் எடுத்து முக்கால்வாசி கொடுத்திருப்போம் சார்" என்றார் அந்த லேப்காரர். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இன்று அந்த போட்டோவோடு போனேன். "லேப்காரங்களே கெடுத்திருப்பாங்கண்ணே." ரசீதைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல'. அதை ரசீது என்பதே அதிகம். எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி எண் இல்லை, டிஸ்க்கின் சீரியல் எண் இல்லை. என் 12,500 போனது போனதுதான் என்கிறான்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டிக் டிக் என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள், விண்டோஸில் டிஸ்க் பிழையைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், ஃபார்மட் கேட்டால் 'நோ' அமுக்குங்கள். டிக் டிக் சத்தம் இல்லாமல் மெதுவாகவாவது டிஸ்க் இன்னும் படிக்கிறது என்றால் முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், சினிமாவும் பாட்டும் அப்புறம். சீல் ஸ்டிக்கரையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்களைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். முறையான பில் தர மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் நாளை காலையில் கூப்பிடப் போகிறேன். 12,500 திரும்பி வந்தாலும் ஃபைல் வராது, அது வேறு விஷயம்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். மூத்த மகளுக்குப் போட்ட அதே பத்திரிகைதானாம், பெயரும் தேதியும் மட்டும் மாற்ற வேண்டுமாம். அஞ்சு நிமிஷ வேலைதானே என்கிறார். அந்தப் பத்திரிகை ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்ததும் பிள்ளையார் சுழியிலிருந்து அடிக்க வேண்டும்.