ஒரு கேமுக்குப் பதினைந்து ஷிஃப்ட்: பழைய பிஎஸ்4-உடன் ஏழு வருடம்

2018இல் பிளஸ் டூ லீவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனேன். ஷிஃப்டுக்கு 270 ரூபாய். சனிக்கிழமைச் சம்பளங்களைச் சேர்த்து, அமுச்சி (பாட்டி) சேலை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த 3,000 ரூபாயையும் போட்டு, 14,000 ரூபாய்க்கு யாரோ விளையாடிச் சலித்த பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றை, அதாவது டிவியில் மாட்டி வீடியோ கேம் விளையாடும் பிளேஸ்டேஷன் 4 மெஷினை வாங்கினேன். பெரிய செலவு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த ஏப்ரலில்தான் காட் ஆஃப் வார் என்ற கேம் வந்திருந்தது. விலை 3,999 ரூபாய். மனசுக்குள் ஷிஃப்ட் கணக்கு ஓடியது: பதினைந்து நாள் நின்றுகொண்டே துணி மடித்தால் ஒரு கேம். சரி, பொறுத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து காந்திபுரத்தில் ஒரு கடையில் அதன் பழைய டிஸ்க் 1,300 ரூபாய்க்குக் கிடைத்தது. விளையாடி முடித்து 1,000 ரூபாய்க்கு விற்றேன். ஆக எனக்கு ஆன செலவு 300 ரூபாய், வாடகை சைக்கிள் எடுத்த மாதிரி.

அதற்கப்புறம் எல்லா கேமும் இந்த வழியில்தான். மூன்று பேர் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்குவோம். யாருக்குப் பரீட்சையோ அவன் கடைசி. இதில் அடியும் பட்டிருக்கிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பிஎஸ்4-இல் இரண்டு டிஸ்காக வரும்: ஒன்று இன்ஸ்டால் செய்ய, இன்னொன்று போட்டு விளையாட. பழசாக வாங்கிய பெட்டியை வீட்டுக்கு வந்து திறந்தால் இன்ஸ்டால் டிஸ்க்கைக் காணோம். கடைக்காரர் "நான் கொடுக்கும்போது இருந்துச்சுங்க தம்பி" என்று முடித்துக்கொண்டார். பழைய டிஸ்க் வாங்கினால் பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துக் கீறலையும் பாருங்கள்.

மெஷின் நன்றாகவே உழைக்கிறது. எங்கள் வீதி முழுக்கப் பனியன் யூனிட் என்பதால் பஞ்சுத் தூசி உள்ளே போய் ஃபேன் ரைஸ் மில் மாதிரி இரையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பிரஷ் போட்டால் அடங்கிவிடும். கன்ட்ரோலர் மட்டும் மூன்றாவது ஓடுகிறது.

நான் முழுசாகத் தோற்றது டிஜிட்டலில், அதாவது டிஸ்க் இல்லாமல் நெட்டில் கேம் வாங்குவதில். தள்ளுபடி என்று 1,600 ரூபாய்க்கு ஒன்றை டவுன்லோட் செய்து மூன்று மணி நேரம் விளையாடினேன், பிடிக்கவில்லை. விற்க முடியாது, கைமாற்றவும் முடியாது. டவுன்லோட் ஆரம்பித்தபிறகு பணம் திரும்பாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

"ஃபோனில் இலவசமாக இருக்கும்போது இது எதுக்குடா" என்று சிரித்த பங்காளி ஒருவன் இருக்கிறான். கேமில் வரும் துப்பாக்கிக்கு வண்ணச் சட்டை மாட்டியே அவனுக்கு 11,000 ரூபாய் போயிருக்கிறது. ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். நான் டிஸ்குக்கு விட்டதைவிட அது அதிகம்.

காத்திருப்பதிலும் நஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன். நான் ஒரு கேமைத் தொடும்போது அதன் கடைசிக் காட்சியை யாராவது உளறியிருப்பார்கள். ஆன்லைனில் கூட்டம் கலைந்திருக்கும். பதினெட்டு வயதில் ஊரே பேசுகிற விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசுப்பட்டதில்லை. விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் 60 டாலராக இருந்தது பிஎஸ்5 வந்தபோது 70 ஆனது, இங்கே 3,999 ரூபாய் 4,999 ஆனது. கைமடிக்காரர் கூலியைப் பார்த்தா அங்கே விலை வைக்கிறார்கள்?

பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தப்பா பையன் பிஎஸ்5 டிஜிட்டல் வாங்கிவிட்டான். 2021 பிப்ரவரியில் இங்கே வந்தபோது டிஸ்க் போடுவது 49,990 ரூபாய், போடாதது 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று அவனுக்குச் சந்தோஷம். டிஸ்க் மாடலை வாங்கு என்று நான் சொன்னதற்கு, "இனி டிஸ்க்கெல்லாம் யாருங்ணா வாங்குவாங்க?" என்றான். இதுவரை முழு விலையில் நான்கு கேம் வாங்கியிருக்கிறான், கிட்டத்தட்ட 20,000 ரூபாய். நான்கையும் முடித்தாகிவிட்டது. ஒரு ரூபாய் திரும்பவில்லை. அவன் வைத்திருப்பது முதலில் வந்த மாடல், பின்னால் வந்த பிஎஸ்5 ஸ்லிம் மாதிரி டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டவும் வழியில்லை.

போன வாரம் கூப்பிட்டு, ஜிடிஏ 6 கேம் வந்தால் பாதிப் பணம் போடுகிறீர்களா என்று கேட்டான். என் பிஎஸ்4-இல் அது ஓடாது. போட்டால் பெருந்துறைக்குப் போய்த்தான் விளையாட வேண்டும்.