ரேடாரா, ஜிபிஎஸ்ஸா: நிலம் நகர்ந்ததை எது நன்றாக அளக்கும்?

கிருஷ்ணகிரியில் எங்கள் மாந்தோப்பு வரப்பில் நின்றால் சையத் பாஷா மலை தெரியும். அந்த மொட்டைப் பாறையும் இந்தத் தோப்பும் செயற்கைக்கோள் ரேடாருக்கு ஒன்றல்ல. பாறை இன்றைக்கும் 12 நாள் கழித்தும் ஒரே மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும். மா இலை அசைந்தாலோ கொழுந்து விட்டாலோ கணக்கு குழம்பிவிடும்.

ரேடாரின் பலம் பரப்பு. நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் வண்ணப் பட்டைகள் விழும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால் அதில் பாதிதான் கணக்கு: ஒரு பட்டை என்றால், நிலம் செயற்கைக்கோள் பார்க்கும் கோட்டில் 2.8 செ.மீ. நகர்ந்திருக்கிறது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது இப்படித்தான் படமாகத் தெரிந்தது. தரையில் ஒரு கருவிகூட நட வேண்டியதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஜிபிஎஸ் நிலையம் தான் நிற்கும் இடத்தை மட்டும் சொல்லும். ஆனால் நொடிக்கு நொடி, மூன்று திசையிலும் சொல்லும். வடக்கு தெற்காக நகர்ந்தால் ரேடார் கோட்டைவிடும், ஜிபிஎஸ் விடாது.

எங்கே, எவ்வளவு அகலத்துக்கு என்று கேட்டால் என் தேர்வு ரேடார். எப்போது, எந்தத் திசையில் என்றால் ஜிபிஎஸ். தோப்பு நிறைந்த நம் ஊருக்கு, 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளை நம்பலாம். அதன் 24 செ.மீ. அலை இலைகளைத் தாண்டி இறங்கும். பாத்திரம் கலகலக்கும் சின்ன அதிர்வுக்கு இரண்டும் உதவாது, நிலநடுக்கமானிதான் வேண்டும்.