வீடியோ சிஸ்டர் எடுக்கலாமா என்று கேட்ட தோழிக்கு

கூடப் படித்த தோழி ஒருத்தி நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். டிஸ்சார்ஜ் பில்லோடு, வீடியோவில் நர்ஸ் ஆலோசனை என்று ஒரு சந்தாவையும் நீட்டியிருக்கிறார்கள். "நீ உன் மாமியாருக்கு எடுத்தியே, உருப்படியா இருக்கா?" வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் எழுதியே விடுகிறேன்.

திட்டம் தெரிந்ததுதான். வாரம் ஒருமுறை சிஸ்டர் வீடியோவில் வந்து பிபி, சுகர், மாத்திரை, படுக்கைப்புண் எல்லாம் விசாரிப்பார். நடுவில் சந்தேகம் என்றால் நாமும் கூப்பிடலாம். மருந்தை அவர்களாக மாற்ற மாட்டார்கள். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படியும் மருந்து எழுதுவது டாக்டர் வேலைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும்.

அத்தைக்கு மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுவார். வாய்க்கு ருசிப்படவில்லை என்று மாமா சட்னியை மாற்றச் சொல்வார். தேங்காய், தக்காளி, மல்லி என்று நானும் மாற்றி மாற்றி அரைத்தேன். ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் வந்தது. போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தேன். மாத்திரை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் சட்டென்று நிறுத்தி, "அக்கா, தட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். வலது பக்கம் சுத்தமாகக் காலி. இடது பக்கத்து இட்லியும் சட்னியும் தொடவே இல்லை. நடு இட்லி கத்தி வைத்து அறுத்தது போல் பாதி. "தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைங்க." திருப்பினேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

கண்ணில் கோளாறு இல்லையாம். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருடைய கவனத்துக்கு வராதாம். மாமா கட்டிலுக்கு இடது பக்கம் நாற்காலியைப் போட்டுப் பேசிப் பார்த்து, "என்கிட்ட மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறா" என்று முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையும் அன்றோடு தீர்ந்தது.

இன்னொரு சிஸ்டர், தண்ணீர் குடித்ததும் அத்தை குரல் களகளவென்று மாறுவதைக் காதாலேயே பிடித்தார். இருமல் வராததால் சரியாக விழுங்குகிறார் என்று அர்த்தமில்லை, நுரையீரலுக்குள் போனாலும் சிலருக்கு இருமல் வராது என்றார். அன்றைக்கே நேரில் பரிசோதிக்க அனுப்பினார். அதிலிருந்து கஞ்சி கெட்டியாகத்தான், நிமிர்த்தி உட்காரவைத்துத்தான், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை.

பக்கத்து வீட்டு அப்பத்தா புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி நின்றபோது போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். என்ன பேசினார்களோ, புறா தப்பித்தது.

இனி கோபம். ஒவ்வொரு தடவையும் வேறு சிஸ்டர். "வணக்கம், பேஷண்டுக்கு என்ன பிரச்சனைன்னு முதல்ல இருந்து சொல்லுங்க." எந்தப் பக்கம்? சுகர் உண்டா? மாத்திரை அட்டையைக் காட்டுங்க. சோழவந்தானில் எங்கள் வீட்டுக்குள் டவர் நின்றால் அதிசயம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதி, பழைய கதைக்கே போய்விடும். தட்டைக் கண்டுபிடித்த சிஸ்டர் மறுபடி வரவே இல்லை. அவர் எழுதி வைக்கவில்லையா, எழுதியதை யாரும் படிக்கவில்லையா? அடுத்து வந்தவர், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று போனை இடது பக்கம் வைக்கச் சொன்னார். அத்தை திரும்புவாரா? "அம்மா ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க, மனச்சோர்வா இருக்கலாம்" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வரும், அது வாஸ்தவம். ஆனால் போனை வலது பக்கம் கொண்டுவந்ததும் அத்தை அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்றார்.

கடைசியில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்: 'இடது பக்கம் கவனிக்க மாட்டார். எதுவும் கெட்டியாகத்தான். பிபி வலது கையில் மட்டும்.' கால் வந்ததும் முதலில் அதைத்தான் கேமரா முன் பிடிப்பேன்.

சந்தா முடியும் சமயத்தில் ஒரு பையன் கூப்பிட்டான். அத்தை பெயர், வயது, டிஸ்சார்ஜ் தேதி, போன தடவை ஜிபேயில் கட்டியது வரை விரல் நுனியில் வைத்திருந்தான். "அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் சிஸ்டர்கள் பக்கம் திருப்பி வைங்க தம்பி" என்றேன்.

சிஸ்டர்களைக் குறை சொல்லவில்லை. பாவம், ஒருவர் மாற்றி ஒருவர் என்று எத்தனை வீட்டைப் பார்ப்பார்கள். ஆனால் 2021-ல் அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி பார்த்து மாத்திரை தர வருகிற அக்கா ஒரே ஆள்தான். கட்டிலுக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காசும் கிடையாது. என்ன, ராத்திரி சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிட முடியாது.

ஒன்று மட்டும். திடீரென்று வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ வீடியோ காலுக்குக் காத்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஒரே சிஸ்டரைக் கொடுப்பதாக இருந்தால் கூப்பிடு என்றேன், அந்தப் பையன் அப்புறம் கூப்பிடவே இல்லை. நீ எடு. அம்மா மூக்கில் குழாயோடு வருகிறார் என்றாய். குழாயில் ஊற்றும்போது தலைப்பக்கம் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஆரம்பத்தில் ஆள் வேண்டும். அதனால் வீடியோ கால் நேரத்தை ஊற்றுகிற வேளைக்கே கேட்டு வாங்கு. முதல் காலுக்கு முன்னாலேயே அட்டையையும் எழுதி வைத்துக்கொள், தடியான ஸ்கெட்ச் பேனாவில். பால்பாயிண்ட் கேமராவில் தெரியாது.